வெள்ளை வந்தால் சம்மதம்

ஜனவரி 19, ஞாயிறு

அப்பா சம்மதித்துவிட்டார். இல்லை, சரியாக எழுத வேண்டும். அம்மன் சம்மதித்தால் தானும் சம்மதிப்பதாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில் இதுவே பெரிய விஷயம்.

காலையில் நவநீதனின் ஜாதகத்தையும் என்னுடையதையும் எடுத்துக்கொண்டு ஜோசியரிடம் போனோம். ரஜ்ஜுப் பொருத்தம் தட்டுகிறது, கட்டி வைத்தால் மாப்பிள்ளை உயிருக்கு ஆகாது என்று சொல்லிவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். நான்கு வருடக் காதலை ஒரு மனிதர் கண்ணாடி துடைக்கிற நேரத்தில் முடித்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்திருப்பேன். பக்கத்தில் அப்பா இருந்ததால் தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

அப்பா வீடு வரும்வரை பேசவில்லை. அம்மா தவறிப்போனதிலிருந்து அவர் எதையும் உடனே சொல்வதில்லை. தோப்புக்குப் போய் மோட்டார் போட்டுவிட்டு வந்துதான் வாயைத் திறந்தார். "ஜோசியன் பேச்சை மட்டும் கேட்டுட்டு உன்னைய அழ வெக்க எனக்கு மனசில்லை அம்மிணி. ஆத்தாகிட்டப் பூக் கேட்டுப் பாத்தர்லாம். அவ குடுத்தா குடுத்ததுதான். இல்லீன்னா இல்லைதான். பொறகு நீ பேசப்படாது."

பூக் கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் இலையில் ஒரே மாதிரி மடித்து செல்லாண்டியம்மன் காலடியில் வைப்பார்கள். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சம்மதம். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கவே கூடாது, கோவில் கிணற்றில் போட்டுவிட வேண்டும். கட்டித் தருகிறவர் இரண்டு வீட்டுக்கும் உறவாக இருக்கக் கூடாது. தோப்பில் கிணறு வெட்டியது, பெரியப்பா கண் ஆபரேஷன் செய்துகொண்டது எல்லாம் இப்படிக் கேட்டுத்தான். சிவப்பு வந்ததை அப்பா இதுவரை மீறியதில்லை. மீறவும் மாட்டார்.

கம்பெனி கொடுத்த இந்த டைரியில் நான் டிசம்பர் வரை எழுதி வைத்திருக்கிறேன். ஆவணியில் கல்யாணம். ஐப்பசிக்குள் அவிநாசி ரோட்டில் வாடகை வீடு. இதையெல்லாம் பாதிக்குப் பாதி வாய்ப்பில் விட முடியுமா? பாதிக்குப் பாதி என்று சொன்னால் நான் வேலை பார்க்கிற திருப்பூரில் ஒரு பனியன்கூட வெட்ட மாட்டார்கள்.

ஜனவரி 21, செவ்வாய்

வழி கண்டுபிடித்துவிட்டேன். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை.

கட்டித் தரப்போவது சுகுணா. என்னோடு ஆறு வருடமாக ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறாள், எங்கள் கம்பெனியிலேயே சாம்பிள் தைக்கிறாள், இரண்டு வீட்டுக்கும் உறவில்லை. அப்பாவுக்கு அவள் மேல் என்னைவிட நம்பிக்கை அதிகம். ஆளும் நல்ல பக்தி. வெள்ளிக்கிழமை பச்சைத் தண்ணீரில் இருப்பாள். ஏழு வருடம் முன்னால் அவள் புருஷன் வேலைக்கு என்று போனவன் திரும்பி வரவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவனுக்காகவும் சேர்த்துத்தான் விரதம் இருக்கிறாள் என்று நினைக்கிறேன். கேட்டால் பேச்சை மாற்றுவாள்.

சொன்னதும் தையல் மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டாள். முடியவே முடியாது என்றாள். ஆத்தாளுக்கே டைம் டேபிள் போடுகிறாயா என்று கேட்டாள். அம்மனுக்குக் கொடுக்க மனசிருந்தால் எதிலும் கொடுப்பாள், நாம் அவள் வேலையைச் சுலபமாக்குகிறோம், அவ்வளவுதான் என்றேன். ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் நான் அழுததும் சரி என்றாள்.

அந்த அழுகை நிஜமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பாதி நிஜம்.

ஜனவரி 24, வெள்ளி

நான்கு நாளாக நவநீதன் போனை எடுக்கவில்லை. சாயப்பட்டறையில் கலர் சேர்க்கிற வேலை அவனுக்கு. பெரிய ஆர்டர் வந்துவிட்டால் போன் மணி காதில் விழாது. இன்று நானே போய் பட்டறை வாசல் பேக்கரியில் உட்கார்ந்துகொண்டு, ஆள் விட்டு அவனை வரச் சொன்னேன்.

திட்டத்தை முழுதாகச் சொன்னேன். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டான். "ரெண்டுலயும் வெள்ளையா?" என்று ஒரு தடவை கேட்டான். ஆமாம், எங்களுக்கு வெள்ளைதான் சம்மதம் என்றேன். மிச்ச டீயைக் குடித்து முடித்தான். பிறகு சரி என்றான். அவன் அப்படித்தான், அளந்துதான் பேசுவான். நான் பேசுகிற பேச்சுக்கு இன்னொரு வாயாடி வந்தால் வீடு தாங்குமா?

சட்டைப் பையில் பாஸ்போர்ட் ஆபீஸ் ரசீது இருந்தது. புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறானாம். எதற்கு என்று கேட்டதற்குச் சும்மா என்று சிரித்தான். எனக்குப் புரிந்துவிட்டது. கல்யாணம் முடிந்ததும் எங்கேயோ கூட்டிக்கொண்டு போகப் போகிறான். கேட்டு அவன் ஆசையைக் கெடுக்கவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

நாளைக்குப் பூக் கேட்கிறோம். பச்சைப் புடவை தேய்த்தாயிற்று. பயம் இல்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதினால்தான் எங்கே தப்பு நடந்தது என்று தெரியும்.

கோவிலுக்குப் பத்து மணிக்குள் எல்லோரும் வந்துவிட்டோம். நவநீதனின் அம்மா ருக்மணியம்மாள் காரை விட்டு இறங்கியதும் என் கையைப் பிடித்தார், விடவே இல்லை. மகனுக்கு அப்பா இல்லை, எல்லாம் இவர்தான். அப்பா வெளுத்த வேட்டியில் ஓடி ஓடி உபசரித்தார். அம்மா போன பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு களையை நான் பார்த்ததில்லை.

சுகுணா பொட்டலங்களைக் கொண்டுவந்து பூசாரியிடம் கொடுத்தாள். அவர் அம்மன் காலடியில் வைத்தார். எல்லாம் சொன்னபடி. அப்போதுதான் அப்பா ருக்மணியம்மாள் பக்கம் திரும்பிக் கையைக் கூப்பினார்.

"எங்க பக்கம் வெள்ளை வந்தாத்தானுங்க சம்மதம். ஆனா பொண்ணு வாழப்போறது உங்க வீட்டுல. உங்க வழக்கம் எதுவோ அதையே சொல்லிக் கேட்டர்லாமுங்க."

"எங்களுக்குச் செகப்புதானுங்க," என்றார் அந்த அம்மாள். "கல்யாணக் காரியத்துக்குப் போயி வெள்ளையக் கேக்கறதுங்களா?"

"அப்பச் செகப்பே ஆகட்டும்."

இவ்வளவுதான். மரியாதைக்காக அப்பா சொன்ன ஒரு வார்த்தை. பூசாரி சத்தமாக, சிவப்பு வந்தால் சம்மதம் தாயே என்று அம்மனிடம் சொல்லிவிட்டார். சுகுணா தூணைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். சொல்லிவிடட்டுமா என்று கண்ணால் கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்தேன். நவநீதன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கும் இடி விழுந்த மாதிரி இருந்திருக்கும், பாவம்.

நான் கத்தியிருக்கலாம். மயங்கி விழுந்திருக்கலாம். துறைமுகம் வரை போன கம்பெனிச் சரக்கையே நிறுத்தித் திருப்பியவள் நான். இன்று வாய் வரவில்லை. சொன்னால் அத்தனை பேர் நடுவில் அப்பா என்ன ஆவார், அவர் நம்பிய சுகுணா என்ன ஆவாள்?

பூசாரி எடுத்துப் பிரித்தார். வெள்ளை. வேறு எது வரும்?

மற்றப் பொட்டலம் கிணற்றுக்குப் போனது. ருக்மணியம்மாள் என் கையை விட்டார். அப்பா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். இறக்க வெகு நேரம் ஆயிற்று. பிறகு என்னிடம் வந்து, "ஆத்தா சொல்லீட்டா. விட்டுரு கண்ணு," என்றார்.

பிப்ரவரி 8, சனி

துணி துவைத்தேன். காய்ந்த பிறகு மறுபடியும் அதையே துவைத்தேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

பச்சை நிற டீஷர்ட் ஆர்டரில் கழுத்துப் பட்டி நிறம் சேரவில்லை என்று மொத்தமும் திரும்பி வந்துவிட்டது. முதலாளி என் மேஜை முன்னால் நின்று கத்தினார். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

மாலையில் பேக்கரி. ரிஜிஸ்தர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று நவநீதனிடம் சொன்னேன். என்றைக்கு, யார் சாட்சி, முதல் மாதம் எங்கே தங்குவது எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவன் முட்டை பப்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். முடித்துவிட்டு இன்னொன்று வாங்கினான். எனக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. துக்கம் வந்தால் சிலருக்குப் பசிக்குமாம்.

கடைசியில் சொன்னான். "ரெண்டுலயும் வெள்ளைதான வெச்சோம் திலகா? அது நமக்குத் தெரியும். அப்படி வெச்சும் வேண்டாம்னுதான வந்துச்சு? இதுக்கு மேல என்ன உத்தரவு வேணும்?"

நான் போட்ட வழியிலேயே வந்து அம்மன் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள் என்கிறான். வீடு வருகிறவரை அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். அவன் பயந்திருக்கிறான். பயம் தெளியக் கொஞ்சம் அவகாசம் கொடுக்க வேண்டும்.

பிப்ரவரி 15, சனி

சுகுணாவோடு பேச்சு இல்லை. அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு சேவூரில் இருக்கிற அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கிருந்தே வேலைக்கு வருவாளாம்.

வழக்கம் என்ன என்று முன்னாலேயே விசாரித்திருக்க வேண்டாமா, பூவைக் கட்டியவளுக்கு அந்த அறிவு வேண்டாமா என்று நான்தான் ஆரம்பித்தேன். அவள் கோபப்படவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நான் ஒண்ணு கேக்கறேன். அவங்க வீட்டு வழக்கம் செகப்புன்னு நமக்குத் தெரியாது. அவருக்குமா தெரியாது? ரெண்டுலயும் வெள்ளையான்னு கேட்டாருன்னு நீதான வந்து சொன்னே?"

அதற்கு நான் சொன்னதை இங்கே எழுதக் கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். உன் புருஷன் உன்னை விட்டுப் போனதால் எல்லா ஆம்பளையும் உனக்கு அப்படித்தான் தெரிவான் என்றேன். அவள் எழுந்தாள். பெட்டியை எடுத்தாள்.

ஆண்பிள்ளைக்கு இந்தச் சம்பிரதாயமெல்லாம் எங்கே தெரியப் போகிறது? அப்பாவிடம் கேட்டால் எந்தப் பண்டிகைக்கு என்ன பலகாரம் என்றுகூடத் தெரியாது. சுகுணாவுக்கு வாய் நீளம்.

பிப்ரவரி 20, வியாழன்

பட்டறை ஆள் ஒருவன் சொல்லித் தெரிந்தது. நவநீதன் எத்தியோப்பியாவில் ஒரு சாயப்பட்டறைக்குப் போகிறான். இரண்டு வருடம். ஏப்ரலில் கிளம்புகிறான். டிசம்பரிலேயே அந்த வேலையைக் கேட்டு வைத்திருந்தானாம்.

டிசம்பரில் எங்களுக்குள் ஒரு பிரச்சினையும் இல்லை. அப்படியென்றால் எங்கள் இரண்டு பேருக்காகவும்தான் கேட்டிருக்கிறான். உறுதியான பிறகு சொல்லி என்னை அசத்தலாம் என்று இருந்திருப்பான். இப்போது கல்யாணமே இல்லை என்றானதும் சொல்ல மனசு வரவில்லை.

ஏப்ரல். என் கையில் இருப்பது மார்ச் ஒன்றுதான். பஸ்ஸில் யாரோ ஒரு பெண் எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். என் முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை. அவனில்லாமல் என்னால் முடியாது. வேறு எப்படி எழுதினாலும் அது பொய்.

பிப்ரவரி 23, ஞாயிறு

அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

மதியம் சாப்பாடு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். இரண்டிலும் வெள்ளைதான், நான்தான் வைக்கச் சொன்னேன், அன்றைக்குக் கேட்டது செல்லாது, மறுபடியும் கேட்கலாம் என்று ஒரே மூச்சில் சொன்னேன். காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இந்தத் தடவை அழுகையில் பாதி முழுசு என்று கணக்கெல்லாம் இல்லை.

அப்பா தட்டில் கையைக் கழுவினார். குழம்பு ஊற்றிய சோறு அப்படியே இருந்தது. கேட்டது ஒன்றே ஒன்று. "அந்தப் புள்ளையையுமா பாவத்துல எறக்குனே?"

என்னை இரண்டு அறை அறைந்திருந்தால் தேவலை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கோவில் பக்கம் நடந்தார். நான் பஸ் ஏறுகிறவரை திரும்பி வரவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

அப்பா போன் எடுக்கவில்லை. நவநீதனும் எடுக்கவில்லை. சுகுணா கேண்டீனில் வேறு மேஜையில் உட்கார்ந்தாள்.

பிப்ரவரி 28, வெள்ளி

அப்பா கூப்பிட்டார்!

"ரோசன பண்ணிப் பாத்தேன் அம்மிணி. அன்னைக்கு நாம ஆத்தாகிட்டக் கேக்கவே இல்லையே. கேக்காததுக்கு அவ எப்படிப் பதில் சொல்லியிருப்பா? மறுக்காக் கேப்போம். இந்தத் தடவ ஒழுங்காக் கேப்போம்."

ருக்மணியம்மாளுக்கு அவரே போன் போட்டிருக்கிறார். பூக் கட்டியதில் எங்கள் பக்கம் ஒரு குற்றம் நடந்துபோயிற்று, பெரிய மனசு பண்ணி இன்னொரு தரம் வர வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பஞ்சாயத்தில்கூட யாரிடமும் தணிந்து பேசாத மனிதர். அந்த அம்மாள் சந்தோஷமாக ஒத்துக்கொண்டாராம். சிவப்பே இருக்கட்டும், வழக்கத்தை மாற்ற வேண்டாம் என்றாராம்.

பூவை யார் கட்டுவது என்று கேட்டேன். அதே பிள்ளையே கட்டட்டும் என்றார் அப்பா. ஆத்தா முன்னால் தப்பாகக் கட்டிய கை சரியாகவும் கட்டட்டும், அதன் மனசும் ஆறும் என்றார். மார்ச் ஏழாம் தேதி வெள்ளிக்கிழமை.

நவநீதனுக்குச் செய்தி அனுப்பினேன். பெரிதாக, நிறைய அனுப்பினேன். சரி என்று பதில் வந்தது. போதும்.

மார்ச் 2, ஞாயிறு

சேவூர் போனேன். சுகுணா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே மன்னிப்புக் கேட்டேன். சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்க முடியாது, ஆனால் அதைச் சொன்ன வாய் இன்னும் கசக்கிறது என்றேன். அப்பா அவளையே கட்டச் சொன்னதைச் சொன்னதும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

மறுபடியும் வெள்ளையே வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டாள். காத்திருப்பேன் என்றேன். இரண்டு வருடம் கழித்து வருவான், அப்போது இன்னொரு தரம் கேட்போம், அப்போதும் இல்லை என்றால் இன்னும் காத்திருப்பேன், அவனுக்கு என் மேல் ஆசை இருக்கிறது, அம்மன்தான் குறுக்கே நிற்கிறாள் என்றேன். அவள் முறத்தைச் சுவரோரம் நகர்த்தி வைத்தாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். காபி போட எழுந்து போனாள்.

"வர்றேன்," என்று அடுப்படியிலிருந்து சொன்னாள்.

மார்ச் 7, வெள்ளி

சிவப்பு வந்தது.

வந்த உடனே எனக்குக் காது அடைத்துக்கொண்டது. அப்பா தரையில் விழுந்து கும்பிட்டார். பூசாரி அந்தச் செவ்வரளியை என் கையில் கொடுத்தார். நான் நவநீதனைத் திரும்பிப் பார்த்தேன். இத்தனை நாளும் இந்த ஒரு நொடிக்காகத்தான் உயிரோடு இருந்தேன்.

அவன் முகம் வெளிறிப்போயிருந்தது. கிணற்றில் எட்டிப் பார்க்கிறவன் மாதிரி நின்றான்.

ருக்மணியம்மாள் என்னைக் கட்டிக்கொண்டு கன்னத்தைத் தடவினார். சந்தோஷத்தில் பேச்சு நிற்கவில்லை. "என்ற பையன் கல்லு மாதிரி நிக்கறானேன்னு நெனைக்காத கண்ணு. எங்கூட்டுல பூப் பொட்டணம்னாலே இவன்தான் முன்னால நிப்பான். இவன் அக்கா கல்யாணத்துக்குக் கேட்டப்பச் செகப்பு வந்துருச்சுன்னு ஊரு பூராச் சொல்லீட்டு வந்தவனாக்கும்."

அவர் சொன்னது எனக்கு உடனே உறைக்கவில்லை. பூசாரிக்குத் தட்சிணை வைத்து, தேங்காய் உடைத்து, எல்லோருக்கும் பிரசாதம் கொடுத்த பிறகுதான் உறைத்தது. அவனை வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டேன்.

செகப்புன்னு உங்களுக்கு முன்னாலயே தெரியுமா என்று கேட்டேன். இல்லை என்று சொல்லிவிடு என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். அவன் பொய் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

"தெரியும்."

"அப்ப பேக்கரியில வெச்சே..."

"தெரியும் திலகா."

ஏன் என்று கேட்டேனா, தெரியவில்லை. அவனாகவே சொன்னான். "நீ எல்லாத்தையும் முடிவு பண்ணிட்டுத்தான் எங்கிட்டச் சொல்லுவே. வீடு, மாசம், வருசம். வேண்டாம்னு சொல்ல எனக்கு எங்க எடம் இருந்துச்சு? போன வருசமே சொல்லோணும்னு இருந்தேன். நீ அழுவியேன்னு பயமா இருந்துச்சு. ஆத்தாளே சொல்லீட்டா யாருக்கும் பொல்லாப்பில்லையேன்னு விட்டுட்டேன்." பிறகு, "இப்பக் கட்டிக்கறேன். உத்தரவாயிருச்சில்ல," என்றான்.

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை அறுத்தது. கட்டிக்கொள்வானாம். தலையில் விழுந்ததைச் சுமக்கிற மாதிரி என்னைச் சுமப்பானாம். ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், சரி அப்படியாவது கட்டிக்கொள் என்று சொல்லத் தோன்றியது. வாய் வரை வந்தது. அவ்வளவு கேவலமாக இருந்தேன்.

நேராக அப்பாவிடம் போனேன். எல்லோரும் இருந்தார்கள். நான் சொன்னேன். "ஆத்தா குடுத்துட்டாங்கப்பா. எனக்கு வேண்டாமுங்க."

என்ன, ஏது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். எனக்கு இஷ்டமில்லை என்பதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. ருக்மணியம்மாள் மண்ணை வாரித் தூற்றாத குறை. ஆத்தா வாக்கை மீறியவள் விளங்குவாளா என்று கேட்டார். நவநீதன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கார் கிளம்பும்போது அவன் தோள் இறங்கி லேசானதைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

அப்பா என்னைத் திட்டவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை கூடவே வந்தார். "கேட்டு வாங்கீட்டு வேண்டாம்னுட்டயே. நான் போயி அவகிட்ட என்னன்னு சொல்லுவேன்?" என்று மட்டும் கேட்டார்.

மார்ச் 8, சனி

நான் செத்துப்போனால் நன்றாக இருக்கும் என்று எழுதி அடித்துவிட்டேன். செத்துப்போக மாட்டேன். ஆனால் காலையில் எழுந்து பல் விளக்குவது அவ்வளவு கஷ்டமாக இருக்கிறது. ஆவணியில், ஐப்பசியில் நான் எழுதி வைத்த பக்கங்களைக் கிழிக்கலாம் என்று எடுத்தேன். கிழிக்கவும் தெம்பில்லை.

மார்ச் 9, ஞாயிறு

சுகுணா பெட்டியோடு வந்துவிட்டாள். ரசம் வைத்தாள். இரண்டு கவளம் சாப்பிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

இன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை. சுகுணாவும் லீவு போட்டுவிட்டாள். மத்தியானம் எனக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள். நான் புலம்பிக்கொண்டே இருந்தேன். அம்மனே கொடுத்ததை உதறிவிட்டேனே, அப்பா தினமும் கோவிலில் போய் உட்கார்ந்திருக்கிறாராம், எனக்காக மன்னிப்புக் கேட்கிறாராம், இந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்த் தொலைப்பேன் என்று. சீப்பு நின்றது.

"அவ குடுக்கலை திலகா," என்றாள்.

புரியாமல் திரும்பினேன். முகத்தைப் பார்க்காதே, அந்தப் பக்கமே திரும்பி உட்கார் என்றாள். உட்கார்ந்தேன்.

"ரெண்டுலயும் செகப்புதான் வெச்சேன்."

சீப்பு மறுபடி ஓடத் தொடங்கியது.

"அன்னைக்குச் சேவூர்ல நீ காத்திருப்பேன்னு சொன்னே பாரு, அப்பவே முடிவு பண்ணீட்டேன். வெள்ளை வந்துருந்தா ஆத்தா மேல பழியப் போட்டுட்டு அவனுக்காக ஆயுசுக்கும் வாசலப் பாத்துட்டு இருந்திருப்பே. நான் இருக்கறனே, அது மாதிரி. செகப்பு வந்தா அவனுக்கு ஒளிய எடமில்லை. வாயத் தொறந்துதான ஆகோணும்?"

அவன் வாயைத் திறக்காமல் தாலி கட்டியிருந்தால் என்று கேட்டேன். அந்தப் பயத்தில்தான் மூன்று நாள் சோறு இறங்கவில்லை என்றாள். உன்னை அவ்வளவு நம்பி அப்பா கட்டக் கொடுத்தாரே, ஆத்தாளிடம் பயமில்லையா என்று கேட்டேன்.

"இருக்குது," என்றாள். "ரொம்ப இருக்குது."

பின்னால் அவள் அழுகிறது சத்தத்தில் தெரிந்தது. எனக்கும் அடக்க முடியவில்லை. அப்பாவிடம் சொன்னால் அவர் மனசு லேசாகும். ஆனால் அந்தப் பாரம் முழுவதும் இவள் தலையில் போய் இறங்கும். அப்பா இனி இவளை நிமிர்ந்து பார்க்க மாட்டார். அதனால் சொல்லப் போவதில்லை. அம்மன் கொடுத்ததை வேண்டாம் என்ற மகளாகவே அப்பாவுக்கு இருந்துவிட்டுப் போகிறேன். இந்தக் கல்யாண விஷயத்தில் அம்மனிடம் நாங்கள் இதுவரை எதையும் கேட்டதே இல்லை என்பது அம்மனுக்கும் எங்கள் இருவருக்கும் மட்டும் தெரியும்.

சாயங்காலம் அப்பா போன் செய்தார். சாப்பிட்டாயா என்றார், சாப்பிட்டேன் என்றேன். பக்கத்தில் யார் என்று கேட்டார். சுகுணா என்றேன். "அந்தப் புள்ளைகிட்டக் குடு," என்றார். கொடுத்தேன். சரியாகக் கட்டிக் கொடுத்தாயம்மா, நீ நன்றாக இருக்க வேண்டும் என்று அப்பா சொல்வது எனக்குக் கேட்டது. அவள் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, சரிங்கப்பா, சரிங்கப்பா என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.